ஆடும் ரம்பம்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் ரம்பத்துக்கு 'சீ' என்று பெயர். மொட்டை மாடியில் பொழுதுபோக்காக மரவேலை செய்ய வாங்கிய என் சிறிய மேஜை ரம்பம் ஆடிய ஆட்டத்துக்கு அது பொருத்தமான பெயர்தான்!

1964இல் தொடங்கிய எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கனமான இயந்திரங்களைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். தூக்கிச் செல்லும் ரம்பமோ 20, 25 கிலோதான். சின்னக் குறை இருந்தாலும் பெரிதாக அதிரும்.

காலுக்கடியில் ரப்பர் வைத்தால் சத்தம் குறையும், காரணம் போகாது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். நான்கு கால்களும் தரையில் சமமாகப் படிகின்றனவா பாருங்கள். பிளேடையும் வாஷர்களையும் நட்டையும் கழற்றி, ஒட்டியிருக்கும் மரத்தூள், பிசினைத் துடையுங்கள். பிளேடு மாட்டாமல் ஒருமுறை ஓட்டுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு பிளேடு பக்கம். நிற்காவிட்டால் பேரிங்கோ மோட்டாரோ, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு வாஷரில் ஒட்டிய தூள்தான் காரணம். துடைத்து மாட்டி, ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு மணல் மூட்டை வைத்தேன். பிளேடுக்குத் தள்ளி, மேஜை ஓரமாக 5 ரூபாய் நாணயத்தை நிமிர்த்தி நிறுத்தி ஓட்டினேன். விழவில்லை.

இத்தனை பாடு எதற்கு என்பீர்கள். பிளேடு ஆடினால் மரம் சிக்கி நம் மேலேயே எகிறலாம். எழுபது வயதுக்கு மேல் கை சட்டென்று விலகாது ஐயா.