அடிக்கோடு விழுங்கிய பாடல்கள்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களில் வாழும் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினரிடம் கேட்ட பாடல்களை நண்பர்கள் மூவர் நாங்கள் ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வந்தோம். சரிபார்க்காத வரைவுகளுக்கு, மலையின் பெயரைச் சுருக்கி, 'கல்_1', 'கல்_2' எனத் தலைப்பிட்டிருந்தோம். கள்ளக்குறிச்சி திரும்பி, சரிபார்ப்பு முடிந்த இரவில், 'கல்_%' என்ற அமைப்பில் உள்ளவற்றையெல்லாம் நீக்குமாறு ஆணையிட்டோம். வரைவுகள் அழிந்தன. உடன், 'கல்யாணப் பாட்டு' என்று தொடங்கிய பதிவுகளும் அழிந்தன. பாடிய பாட்டி ஒலிப்பதிவுக்கு இசையாததால், கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்தவை அவை. படி எடுத்து வைக்கவுமில்லை.

பிழை எங்களுடையதே. எஸ்க்யூஎல் மொழியின் 'லைக்' தேடலில் விழுக்காட்டுக் குறி எத்தனை எழுத்துகளுக்கும், எழுத்தே இல்லாத வெறுமைக்கும் பொருந்தும். அடிக்கோடு ஏதேனும் ஓர் எழுத்துக்குப் பொருந்தும். நாங்கள் கோடு என்று எழுதியதைக் கணினி 'எதுவாயினும் சரி' என்று படித்தது. 'கல்' என்பதை அடுத்து வந்த யகரமும் அதில் அடங்கிற்று. கோட்டைக் கோடாகவே கொள்ளச் செய்ய ஒரு விலக்குக்குறி வேண்டும். 'கல்!_%' என எழுதி, இறுதியில் எஸ்கேப் '!' என்று அறிவித்தால், வியப்புக்குறியை அடுத்த கோடு வெறும் கோடாகும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் பின்சாய்கோடு இயல்பாகவே இப்பணியைச் செய்யும். எஸ்க்யூலைட்டில் நாமே அறிவிக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. கணினி எண்ணும் எழுத்து நாம் எண்ணும் எழுத்தன்று. 'கள்ளக்குறிச்சி' நமக்கு 8 எழுத்து. யூனிகோடில் 14 குறியீடு. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 8 அடிக்கோடு இட்டுத் தேடினால் அவ்வூர் அகப்படாது. ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. பதிப்பித்தோர் இடம்நோக்கி உய்த்துணர்ந்தனர். கணினி உய்த்துணர்வதில்லை; சொன்னதைச் செய்கிறது.

மீண்டும் மலையேறினோம். நடந்ததைச் சொன்னபோது பாட்டி சினக்கவில்லை, பாடினார். ஆனால் முன்பு கேட்ட அடிகள் சில வரவில்லை. புதியன சில வந்தன. தயங்கிக் கேட்டோம். "அது அன்னிக்கு வந்தது கண்ணு, இது இன்னிக்கு வருது" என்றார்.

இப்போதெல்லாம் எதையும் நீக்குமுன், அதே அமைப்பைக் கொடுத்து முதலில் பட்டியலை வரவழைத்துப் படித்துவிடுகிறோம். அன்று அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிராது.