தடிப்பு இல்லை, அரிப்பு மட்டும்!

திருத்தணியில் விசைத்தறி ஓட்டும் அவருக்கு 2011-ல் வயது 42. சென்னை-திருப்பதி சாலையில் பைக் சறுக்கி, தொடை எலும்பு முறிந்து, ரத்தம் நிறையப் போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து உயிரோடு வீடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

மூன்று வாரம் கழித்து அரிப்பு ஆரம்பித்தது. முதுகு, மார்பு, தொடை... தோலில் தடிப்பு, கொப்புளம் ஒன்றும் கிடையாது. அவரே சொறிந்துகொண்ட கீறல்கள்தான். வெந்நீரில் குளித்தாலோ, சட்டை உரசினாலோ, படுத்து உடம்பு சூடானாலோ பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டு அடங்கும். நகரியிலிருந்து வந்த மாமியார், "கத்தரிக்காயும் கருவாடும் ஒரு மண்டலம் நிறுத்திப் பாருங்க மாப்ள" என்றார். நிறுத்தினார். மனைவி மலைக்குப் போய் முருகனுக்குச் சாத்திய சந்தனம் வாங்கிவந்து, அந்த ஊர் வழக்கப்படி தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். அலர்ஜி மாத்திரையும் போட்டார். தூக்கக் கலக்கம் வந்ததே தவிர, அரிப்பு போகவில்லை.

அதைவிடக் கொடுமை, தறிக்கூடத்தில் அவர் டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார்கள். சிரங்கு என்று பயம். வீட்டில் மகளைப் பக்கத்தில் படுக்க விடாமல் அவரே தள்ளிப் படுத்தார். ஒரு டாக்டர், "விபத்து பயம், எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பினார்.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் கேட்டார்: "ஆஸ்பத்திரியில என்னென்ன பாட்டில் ஏத்துனாங்க?" சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளில் கோளாறு இல்லை என்று பார்த்த பிறகு வந்த கேள்வி அது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் 'ஐ.வி. ஃப்ளூயிட்' என்றுதான் இருந்தது. ஆனால், மனைவி மருந்துக்கடை பில்களை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தார். அதில் இருந்தது பெயர்: ஹைட்ராக்சிஎதில் ஸ்டார்ச். பல பாட்டில்கள்.

"ஸ்டார்ச்சுன்னா, பாவுக்குப் போடுற கஞ்சியா சார்?"

கிட்டத்தட்ட அதன் உறவுதான். சோளத்தின் அல்லது உருளைக்கிழங்கின் மாவுச்சத்தை, உடம்பு சீக்கிரம் கரைத்துவிடாதபடி வேதியியல் முறையில் மாற்றித் தயாரிப்பது. ரத்தம் இழந்தவருக்கு ஏற்றினால் உப்புத்தண்ணீரைவிட அதிக நேரம் ரத்தக்குழாயில் தங்கி அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் பயன்படுத்தினார்கள். சீக்கிரம் கரையாததே வினையும் ஆனது. மிச்சம் மீதி தோலிலும் சிறு நரம்புகளிலும் போய்ப் படிகிறது. ஏற்றிய அளவு கூடக்கூட அரிப்புக்கான வாய்ப்பும் கூடும். இது ஹிஸ்டமின் கிளப்பும் அரிப்பு அல்ல. வழக்கமான அலர்ஜி மாத்திரைகள் பலிக்காததற்குக் காரணம் அதுதான். வாரக்கணக்கில் தாமதித்து வருவதால், பாட்டிலையும் அரிப்பையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. தோலில் சிறு துண்டு எடுத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் படிவுகள் தெரியும். அவர் வேண்டாம் என்றுவிட்டார். பெயர் கிடைத்ததே அவருக்குப் பாதி நிம்மதி.

அரிப்பைவிடப் பெரிய குற்றச்சாட்டுகளும் இந்த மருந்தின் மேல் வந்தன. 2012-ல் வெளியான நோர்டிக் நாடுகளின் ஆய்விலும், ஆஸ்திரேலியா-நியூசிலாந்து ஆய்வொன்றிலும், இதை ஏற்றிய தீவிர சிகிச்சை நோயாளிகளில் டயாலிசிஸ் போன்ற சிகிச்சை தேவைப்பட்டவர்கள் அதிகம். நோர்டிக் ஆய்வில் இறப்பும் கூடியிருந்தது. 2013-ல் அமெரிக்கா கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தது.

படிந்ததை வெளியே எடுக்க மருந்து கிடையாது. தானாகக் கரைய மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டு, இரண்டாண்டுகூட. மிளகாயின் காரச்சத்தில் செய்த களிம்பு சிலருக்குக் கொஞ்சம் உதவியிருக்கிறது (அரிப்புக்கு மிளகாயா என்று மாமியார் முறைத்தார்!). இவர் குளிர்ந்த நீரில் குளித்து, பருத்திச் சட்டை போட்டு, பொறுத்துக்கொண்டார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த 'தொற்று அல்ல' என்ற சீட்டை முதலாளி தறிக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். டம்ளர் மறுநாளே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அரிப்பு முழுசாக நிற்க மட்டும் 14 மாதம் ஆனது.