பால் பல் என்று நினைத்த பல்



போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு ராவு முழுக்க மூத்தவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கராம்பு வைத்தோம், உப்புத் தண்ணியில் கொப்பளிக்க விட்டோம், பெனடோல் கொடுத்தோம். "பால் பல்லுதானே, எப்படியும் விழப்போகுது" என்று சொன்னது நான்தான். உம்மாவும் அதையே சொன்னா. அடுத்த நாள் பல் டொக்டர் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது விழுற பல் இல்லையே" என்றார்.

பயிற்சிக் கலாசாலையில் பால் பல் 20, நிரந்தரப் பல் 32 என்று படம் கீறி, மாதிரிப் பாடம் நடத்திக் காட்டியவள் நான். சொந்தப் பிள்ளையின் வாயில் எது எது என்று தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இதை எழுதாமல் விட்டால் இன்னும் நாலு வீட்டில் இதே ராவு வரும்.

விசயம் இதுதான். பிள்ளைக்கு ஆறு வயது அளவில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலே ரெண்டும் கீழே ரெண்டுமாக நாலு கடைவாய்ப்பற்கள் முளைக்கும். இவை நிரந்தரப் பற்கள். இவை வருவதற்கு எந்தப் பல்லும் விழுவதில்லை. முன் பல் ஆடினால் வீடே பார்க்கும், விழுந்தால் கூரையில் எறிவோம். இந்த நாலும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. இதே மாதிரி இன்னும் நாலு 12 வயதளவில் வரும்.

கடைவாய்ப்பல்லின் மேல்பக்கம் தட்டையாக இருக்காது. மேடும் பள்ளமுமாக, நடுவில் ஆழமான வெடிப்புகள் போன்ற கோடுகள் இருக்கும். சில கோடுகள் பிரஷ் நாரை விடவும் ஒடுக்கம். கிம்புலா பனிஸ், பிஸ்கட், டொஃபி எல்லாம் அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பிரஷும் போகாது, மிஸ்வாக்கும் போகாது. புளோரைட் பற்பசை பல்லின் வழுவழுப்பான பக்கங்களை நன்றாகக் காப்பாற்றும், இந்தக் கோடுகளுக்குள் அதன் வேலை குறைவு. என் மகள் ரெண்டு நேரமும் பல் தீட்டுகிறவள். அப்படியும் சூத்தை வந்தது அங்கேதான்.

இந்தக் கோடுகளை மூடிவிடுகிற பூச்சுக்குத்தான் சீலன்ட் என்று பெயர். ஊசி இல்லை, துளைக்கிறதும் இல்லை. பல்லைச் சுத்தமாக்கி, அரை நிமிடம் போல அமில ஜெல் வைத்துக் கழுவி, நன்றாகக் காய வைத்து, திரவமான ரெசினைப் பூசி, நீல லைட் அடித்தால் இறுகிவிடும். அமிலம் வைத்தால் ரெசின் பல்லில் பிடிக்கும் என்று மைக்கல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955இல் காட்டினார். அதிலிருந்து வந்த முறைதான் இது. எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது, அதனால் பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருக்க வேண்டும். பல் பாதி முளைத்த நிலையில் காய வைக்க முடியாவிட்டால் கிளாஸ் அயனமர் என்ற வேறொன்றைப் பூசுவார்கள். அது சீக்கிரம் கழன்றுவிடும், ஆனாலும் அதுவரைக்கும் காவல்.

எவ்வளவு பலன்? இதைத்தான் நானும் முதலில் கேட்டேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2017இல் வந்தது. சீலன்ட் போடாத நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் 100க்கு 40 ரெண்டு வருடத்தில் சூத்தையாகிற இடத்தில், ரெசின் சீலன்ட் போட்டவற்றில் ஆறு அளவில்தான் சூத்தையாகும் என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது, முதல் ரெண்டு வருடத்துக்குக் கடைவாய்ப்பல் சூத்தையில் 80 வீதத்தைத் தடுக்கும், நாலு வருடம் வரை 50 வீதத்தைத் தடுக்கும் என்று. காலம் போகப் போக ஏன் குறைகிறது? தேயும், ஓரம் உடையும், சிலது முழுசாகவே கழன்றுவிடும். போட்டுவிட்டு மறந்தால் சரிவராது, செக்கப்புக்குப் போய்க் குறைந்த இடத்தில் திரும்பப் பூசிக்கொள்ள வேண்டும். ரெண்டு பல்லுக்கு இடையில் வருகிற சூத்தையை இது தடுக்காது. ஆகவே பிரஷை விடவும் முடியாது, பால் டீயில் சீனியைக் கூட்டவும் முடியாது.

ஒரு பிள்ளையின் உம்மா என்னிடம், "பல்லை மூடினா வுழூ கூடுமா டீச்சர்?" என்று கேட்டா. நம் ஷாஃபிஈ மத்ஹபில் வுழூவிலும் குளிப்பிலும் வாய் கொப்பளிப்பது சுன்னத், பர்ளு இல்லை. பல்லை அடைத்தவர்கள் எல்லாம் தொழுதுகொண்டுதானே இருக்கிறார்கள். அப்படியும் மனசு கேட்காவிட்டால் ஒரு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப் போட வேண்டாம்.

காசுக்கும் பயப்பட வேண்டாம். பாடசாலைப் பல் கிளினிக்குகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். ஐம்பதுகளில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு மஹரகமையில் பயிற்சி தொடங்கி வளர்ந்த சேவை அது. பிள்ளையின் ஸ்கூலுக்கு எந்தக் கிளினிக் என்று அலுவலகத்தில் கேளுங்கள். தெஹிவளையில் இருந்து வோர்ட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலையும் தூரமில்லை. அங்கே போய் "பல்லைப் பாருங்க" என்று மட்டும் சொல்லாமல், "ஆறு வயசுப் பல் வந்திருக்கா, சீலன்ட் போடலாமா?" என்று கேளுங்கள்.

மூத்தவளின் அந்தப் பல்லைத் துளைத்து அடைத்தாயிற்று. மற்ற மூன்றுக்கும் சீலன்ட் போட்டோம், அல்ஹம்துலில்லாஹ். சின்னவனுக்கு போன மாதம் ஆறு முடிந்தது. நேற்று இஷாவுக்குப் பிறகு ஃபோன் லைட்டில் வாயைத் திறந்து பார்த்தேன். கீழே இடது பக்கம், முரசைப் பிளந்துகொண்டு வெள்ளையாக ஒரு முனை தெரிகிறது.