பாலத்தில் நின்ற குதிரை

2005-இல் ஜப்பானில் உருவான ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ என்னும் வீடியோ விளையாட்டில், இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் 16 பேருருவங்களை வீழ்த்துகிறான். இறுதிப் போருக்குமுன் பாலம் இடிகிறது. அவனைக் கரைசேர்த்துவிட்டு அவனது குதிரை பள்ளத்தில் வீழ்கிறது. மங்கலான அக்காட்சியைக் கண்டு, அன்று அண்ணனும் தம்பியுமாய் நாங்கள் வாயடைத்துப் போனோம்.

2018-இல் அது புத்துருவம் பெற்றது. குதிரையின் பிடரிமயிர் உயிருள்ளதுபோல் காற்றில் அலைந்தது. இம்முறை வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி ஆடினோம். பாலம் இடியும் என்று அறிந்திருந்ததால், குதிரையை அங்கேயே நெடுநேரம் நிறுத்திவைத்தோம். பின்னர்த் தொலைபேசியில் பேசியபோது, இருவருமே அவ்வாறு செய்தது தெரியவந்தது. பழைய படம் காட்டாது விட்டதையெல்லாம் எங்கள் மனம் அன்றே வரைந்து வைத்திருந்தது. புதிய படம் அதைத்தான் கண்முன் நிறுத்தியது. ஆனால் அருகில் அண்ணன் இல்லை; அருகில் தம்பி இல்லை. அதை எந்த ஓவியம் புதுப்பிக்கும்?