இறால் தொட்டியும் ஓர் அமானிதமே



பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலும் வாங்கிய செர்ரி இறால்கள், பொழிச்சலூரில் நம் வீடுகள் சிலவற்றிலும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்கின்றன. அண்மையில் மதரஸா மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், தொட்டியில் வெள்ளைப் புழுக்கள் ஊர்கின்றன. மருந்து ஊற்றிக் கொன்றால் பாவமா?"

உயிர் வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரிடம் பரிவோடு விசாரித்தார்கள். பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியும் ஹதீஸில் உண்டு. அடைத்து வைத்த உயிருக்கு அடைத்தவரே பொறுப்பாளி. ஆகவே இறால்களுக்குத் தீங்கு செய்வதை நீக்குவது பாவமன்று, கடமை.

ஆயினும், எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. குற்றம் செய்தது எது என்று அறிவதே முதற்படி.

தலை முக்கோணமாகவும் இரு கண்புள்ளிகளுடனும் கண்ணாடியில் வழுக்கிச் செல்வது பிளனேரியா என்னும் தட்டைப்புழு. அது இறால் குஞ்சுகளைத் தின்னும். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லிய இழைகளை விரித்திருப்பது ஹைட்ரா. அதன் கொட்டும் இழைகளும் குஞ்சுகளுக்கு ஆபத்து. ஆனால் நீரில் நெளியும் நூல் போன்ற புழுக்களும், துள்ளும் கோபிபாட்களும், விதை போன்ற ஓடுடைய ஆஸ்ட்ரகாட்களும் கழிவுகளையும் பாசியையும் உண்டு வாழ்பவை, இறாலைத் தாக்குவதில்லை.

இவை பெருகுவதற்குப் பெரும்பாலும் நம் கையே காரணம். மிஞ்சிய தீனி அடியில் அழுக, அதை உண்டு அவை பெருகுகின்றன. தட்டில் மட்டுமன்று, தொட்டியிலும் வீண்விரயம் வீண்விரயமே. சில மணி நேரத்தில் தின்று தீரும் அளவே தீனி இடுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பாசியை மேயும் இறால், ஒரு நாள் தீனியில்லாமலும் வாழும்.

பிளனேரியாவைத் தொட்டிக்குள் நசுக்காதீர்கள். துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளரும். துளையிட்ட சிறு குப்பியில் இறைச்சித் துண்டு வைத்து இரவில் இறக்கினால் அவை உள்ளே கூடும். காலையில் வெளியே எடுத்துவிடலாம்.

அதற்கும் அடங்காவிடில் மட்டுமே மருந்து. கால்நடைகளுக்குக் குடற்புழு நீக்கத் தரும் ஃபென்பெண்டசோல், மிகச் சிறு அளவில் பிளனேரியாவையும் ஹைட்ராவையும் கொல்லும். பாக்கிலிருந்து எடுக்கும் சாறு கொண்ட மருந்துகளும் உண்டு. இரண்டுமே நத்தைகளுக்குக் கேடு செய்யலாம். நத்தைகளை முன்னரே வேறு பாத்திரத்திற்கு மாற்றுங்கள். செத்த புழுக்கள் அழுகி நீரைக் கெடுக்குமுன் நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். செம்பு கலந்த மீன் மருந்துகளை அணுகவே வேண்டாம். அவை இறாலுக்கே நஞ்சு.

மருந்து கலந்த நீரை அடையாற்றிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். அங்கும் அல்லாஹ்வின் படைப்புகள் வாழ்கின்றன.

கொல்ல நேர்ந்தாலும் அழகிய முறையைப் பேணுமாறு நம் நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். பிள்ளைகளின் கையில் மருந்துப் புட்டியைக் கொடுக்குமுன் இந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுப்போம். சிற்றுயிரிடத்தும் நீதி தவறாதவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.