கண்ணாடித் தொட்டியில் ஒரு நோயாளி

மலாய்க்காரர் ‘இகான் பெலாகா’ என்றும் நம் பிள்ளைகள் ‘சண்டை மீன்’ என்றும் அழைக்கும் அந்தச் சிறு மீனைக் காணாதவர் ஜொகூரில் அரியர். கடைகளில் ஒரு கைப்பிடி நீரில், நெகிழிக் குவளைக்குள், தன் நீண்ட துடுப்புகளை மடக்கிக்கொண்டு அது காத்துக் கிடக்கும். சயாம் நாட்டு வகைக்கு 1910இல் ரீகன் என்னும் ஆங்கில அறிஞர் ‘பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்’ எனப் பெயரிட்டார். தாய்லாந்து 2019இல் அதனைத் தன் நாட்டு நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு. ஆயர் ஈத்தாம் பகுதியின் கரிய சதுப்பு நீரில் வாழும் சின்னஞ்சிறு கருநிறப் பெட்டா ஒன்று 1986இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. கிரேக்கர்தம் பாதாள உலக அரசியான பெர்செபோனியின் பெயரை அதற்குச் சூட்டினர்.

குவளையில் உயிர் வாழ்கிறது என்பதனாலேயே இந்த மீனுக்கு எந்த நீரும் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். செவுள்களுக்கு மேலே சுருண்டமைந்த ஓர் உறுப்பால் அது நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரே சுவாசிக்கும். உயிர்வளி குறைந்த நீரிலும் அதனால் பிழைத்திருக்க இயலும். ஆனால், மூச்சுத் திணறாமல் இருப்பது வேறு, நஞ்சு தாக்காமல் இருப்பது வேறு. செவுளைச் சுடும் அம்மோனியா, காற்றுக் குடிக்கும் மீனையும் சுடத்தான் செய்யும்.

கிள்ளுவானிலிருந்து மெர்சிங் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் காஹாங். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். பள்ளி அறிவியல் அறையில் இருபது லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றில், சில நீர்ச்செடிகளும் நத்தைகளும் துணையிருக்க, நீல நிறச் சண்டை மீன் ஒன்று வாழ்ந்து வந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கொண்டு வந்து தந்த மீன் அது. அவனுடைய அண்ணன் சிங்கப்பூரில் வேலைக்குப் போகுமுன் தம்பிக்கு வாங்கித் தந்தது. அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்ததும் முதலில் மீனைப் பற்றித்தான் கேட்பானாம்.

நான் ஒரு வாரப் பயிற்சிக்காக ஜொகூர் பாருவுக்குச் சென்றிருந்தபோது பிள்ளைகள் தொட்டியைத் துப்புரவு செய்தனர். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வைத்து, பழுப்பு நீங்கி வெண்மையாகும் வரை தேய்த்துக் கழுவிவிட்டனர். தூய்மை நற்பண்பு என்று நாம்தாமே நாள்தோறும் சொல்லித் தருகிறோம்! ஆனால், அந்தப் பழுப்பில்தான் தொட்டியின் உயிர் இருந்தது. மீனின் கழிவிலிருந்தும் உண்ணாது எஞ்சிய தீனியிலிருந்தும் பிறக்கும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இக்கூட்டம் ஒரு புதுத் தொட்டியில் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய் நீரின் குளோரின் நொடிப்பொழுதில் அதனைக் குலைத்துவிடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்திருந்தால் போதும்.

நான் திரும்பிய நாளில் நீர் பளிங்குபோல் இருந்தது. மீன் மட்டும் ஓர் இலைக்கடியில் சாய்ந்து கிடந்தது. வால் ஓரம் கந்தலாகிக் கறுத்திருந்தது. இரை எடுக்கவில்லை. துடுப்பழுகல் நோய். அதற்குள் யாரோ கடையிலிருந்து மஞ்சள் தூள் மருந்து வாங்கி வந்துவிட்டனர். அதனைத் தொட்டியில் கொட்டத் துடித்தனர் பிள்ளைகள். நான் தடுத்தேன். அம்மாணவனின் கண் கலங்கிவிட்டது. “மருந்து இருந்தும் கொடுக்க வேண்டா என்கிறீர்களா, ஐயா?” என்றான்.

சோதனைக் குப்பியில் நீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுக் காட்டினேன். நிறம் பச்சைக்கு மாறியது; அம்மோனியா இருந்தது. நோய்க்கு முதல் அதுவே. கிருமிக்கொல்லி மருந்து நல்ல நுண்ணுயிர், தீய நுண்ணுயிர் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. பஞ்சில் எஞ்சியிருந்த சிறு கூட்டமும் அதனால் மடியக்கூடும். பிறகு மருந்துண்ட மீன் நஞ்சு நீரிலேயே கிடக்க நேரும். நோயையும் அதன் முதலையும் ஆராயச் சொன்ன வள்ளுவர், நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதச் சொன்னார். சில கிராம் எடையுள்ள உடம்புக்குக் கை நிறைய மருந்து எதற்கு?

ஆகவே, மருத்துவமனை வேறு, வீடு வேறு என்று பிரித்தோம். ஐந்து லிட்டர் நெகிழிக் கலத்தில், குளோரின் நீக்கிய நீரை ஊற்றி மீனை மாற்றினோம். குளோரினை ஒருநாள் திறந்து வைத்தே போக்கலாம். குளோரமின் கலந்த நீராயின் அது போதாது, நீக்கும் மருந்தே வேண்டும். நான்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் அயோடின் சேராத உப்பைக் கரைத்தோம். உலர்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றையும் இட்டோம். நீர் தேநீர் நிறம் கொண்டது. மழைக்காலக் காலைக் குளிருக்காகக் கலத்தைத் துவாலையால் சுற்றினோம், இம்மீனுக்கு 25 முதல் 28 பாகை வெப்பம் உகந்தது. நாள்தோறும் பாதி நீரை, அதே அளவு உப்புடனும் வெப்பத்துடனும் மாற்றினோம். மஞ்சள் தூள் பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போயிற்று. அழுகல் துடுப்பின் அடிவரை ஏறினால் அக்கலத்தில் மட்டும் அதனைப் பயன்படுத்தலாம் என்பது உடன்பாடு.

தொட்டிக்குத் தனிப் பணி. நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றினோம். நத்தைகளுக்குத் தீனி குறைந்தது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. அதே வெப்பத்தில், பி.எச். 7இல் இருக்கும் நீரைவிட 8இல் இருக்கும் நீரில் அம்மோனியாவின் நச்சுப்பகுதி ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். அமிலம் மிகுந்த சதுப்பு நீரில் அது மிகக் குறைவு. நம் காட்டு மீன்கள் கரிய நீரில் நலமாக வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். குப்பியின் நிறத்தை மாணவர்கள் காலைதோறும் சுவரொட்டியில் குறித்தனர். கணிதப் பாடத்துக்கு அது வரைபடமும் ஆயிற்று.

நான்காம் நாள் மீன் ஒரு கொசுப்புழுவை விழுங்கியது. அன்று அறிவியல் அறையில் எழுந்த ஆரவாரம் அலுவலகம் வரை கேட்டது. இரண்டாம் வாரத்தில் வால் ஓரத்தில் கண்ணாடிபோல் நிறமற்ற மெல்லிய சவ்வு தோன்றியது. அதுவே புதுத் துடுப்பு. தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஏழு நாள் இல்லை எனக் கண்ட பின்னரே, ஐந்தாம் வாரத்தில், மீன் வீடு திரும்பியது. வாலின் ஒரு நரம்பு மட்டும் கோணலாகவே வளர்ந்துவிட்டது. அடுத்த விடுமுறையில் வந்த அண்ணன் அக்கோணலைத்தான் முதலில் கண்டான். தம்பியோ சுவரொட்டியின் முதல் நாளில் விரலை வைத்து, ஒவ்வொரு நிறமாக விளக்கத் தொடங்கினான்.