செக்கடியில் நின்ற சொல்

எள்ளுப் புண்ணாக்கைச் சுடச்சுடத் தின்றிருக்கிறீர்களா? எள்ளோடு கருப்பட்டியும் போட்டு ஆட்டுவதால், செக்கிலிருந்து எடுத்த சூட்டில் அதற்குத் தனி ருசி. சனிக்கிழமை விடிந்தால் ஆச்சி என்னை எண்ணெய்க் குப்பியோடு செக்கடிக்கு அனுப்பிவிடுவாள். கழுத்தில் சணல் கட்டிய குப்பியை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே போய், கண் கட்டிய மாடு சுற்றிச் சுற்றி வருவதையும், உலக்கை கிறீச் கிறீச்சென்று முனகுவதையும், செக்குக்காரத் தாத்தா பலகையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதையும், விழாமல் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டு நின்றேனென்றால் வெயில் முதுகில் ஏறுவதுகூடத் தெரியாது.

வீட்டு முற்றத்தில் சீயக்காய்க் கிண்ணத்தோடு ஆச்சி காத்திருப்பாள். "ஏல, பாதை மறந்து போச்சா? அங்கன என்னல மெனக்கெட்டுக்கிட்டு நின்னே? பேசாம செக்கடியிலேயே குடியிருந்துர வேண்டியதுதான?" வாராவாரம் இதே மூன்று கேள்விதான், இதே வரிசைதான்.

அந்த வருஷம்தான் இங்கிலீஷ் சார்வாள் கரும்பலகையில் 'ட்வெல்' என்று எழுதி, 'வசித்தல்' என்று பொருள் சொன்னார். உதாரணத்துக்குத் தவளையைப் பிடித்துக் கிணற்றுக்குள் விட்டார்: ஃப்ராக்ஸ் ட்வெல் இன் வெல்ஸ். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொல்லுக்குள்ளேயே 'வெல்' இருக்கிறதே, கிணற்றுக்குள் வசித்தால் அது ட்வெல்! பரீட்சையில் வாக்கியம் அமைக்கச் சொன்னபோது, 'எங்கள் குடும்பம் ட்வெல் பண்ணுவதில்லை, எங்களுக்கு வீடு இருக்கிறது' என்று பெருமையோடு எழுதினேன். சார்வாள் அதை வகுப்பில் உரக்க வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் துடைத்தார் என்பது பிற்பாடு புரிந்தது.

வெகுகாலம் கழித்து, தூக்கினால் கை வலிக்கிற அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். கிணறு எங்கேயும் இல்லை. ஆனால் இருந்த கதை கிணற்றைவிட ஆழம். பழைய ஆங்கிலத்தில் 'ட்வெல்லன்' என்றால் ஆளை வழி தப்ப வைப்பது, ஏமாற்றுவது. 12-ஆம் நூற்றாண்டு முடிகிற வேளையில் அது தாமதிப்பதாகியிருக்கிறது. கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலும் 'ட்வெல்யா' என்றால் சுணங்குவதுதான். சுணங்கியது தங்கியது, அடுத்த நூறு இருநூறு வருஷத்துக்குள் குடியே இருக்கத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் ரயில் ஒரு ஸ்டேஷனில் நிற்கிற நேரத்தை 'ட்வெல் டைம்' என்றுதான் சொல்கிறார்கள். குடியிருக்கவா நிற்கிறது ரயில்?

'ரிசைட்' பரவாயில்லை, மரியாதைப்பட்ட சொல். லத்தீனில் உட்காருவதிலிருந்து வந்தது. நாமும் வீட்டைக் கேட்கும்போது "எங்க இருக்கீங்க?" என்றுதானே கேட்கிறோம். ட்வெல் அப்படியில்லை, வழி தவறி, வேடிக்கை பார்த்து நின்று, கடைசியில் நின்ற இடத்திலேயே பாயை விரித்த ஊர்சுற்றி. நம் 'தங்கு'வும் லேசுப்பட்டதில்லை. 'தங்குதடையில்லாமல்' என்கிறோமே, அந்தத் தங்குவுக்கு வீடும் இல்லை, வாசலும் இல்லை, வெறும் தடங்கல்தான்.

அகராதியை மூடப் போனவன் மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். வழி தப்புதல், மெனக்கெடுதல், குடியிருத்தல். முற்றத்தில் நின்று ஆச்சி கேட்ட மூன்று கேள்வியும் அதே வரிசையில் அங்கே அச்சாகியிருந்தன. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் அவள்.

கேட்டு முடித்த கையோடு என்னை முக்காலியில் உட்கார வைத்து, உச்சந்தலையில் எண்ணெயைச் சப்பென்று வைத்துத் தேய்ப்பாள். காதோரம் வழிவதை முந்தானையால் துடைக்கிற சாக்கில் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "எனக்கு ஒரு துண்டு கொண்டாந்தியால?" என்பாள்.

கொண்டுவந்திருப்பேன். டவுசர் பையில், எண்ணெய்க் கறையோடு.